போலாம் ரைட்டும் நிற்கிற வண்டிகளும்

“உன் இங்கிலீஷு பேப்பர்லதான் ஓடும் பாப்பா. ரோட்ல ஓடாது.”

பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பு வாங்கிய என்னைப் பார்த்து இதைச் சொன்னவருக்குத் தெரிந்த ஆங்கிலம் மொத்தமே இரண்டு சொற்கள். ஒன்று ‘ரைட்’. இன்னொன்று பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற ‘ஹோல்டான்’. அதிலும் இரண்டாவதை அவர் கூடுமானவரை சொல்ல மாட்டார்.

திருவண்ணாமலைக்கு வருகிறவர்களில் மலையைச் சுற்றி நடக்கிறவர்கள் உண்டு, மலையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. உட்காருகிறவர்களைக் கண்டால் உடம்பெல்லாம் பதறுகிற ஒரே மனிதர் எங்கள் அடி அண்ணாமலை ஊர்க்காரர் ‘போலாம் ரைட்’. உலகத்தில் எதுவும் நிற்கக் கூடாது என்பது அவர் கட்சி. மாடு அசைபோட நின்றாலும் விசில் ஊதுவார். ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே “அப்டி யாரும் இங்க இல்லீங்களே” என்று சொல்லிவிடுவார்.

பெங்களூர் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றபோது பையைத் திருப்பிக் கொடுத்தார், விசிலைக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து ஊருக்குக் கேடுகாலம். கல்யாணப் பந்தியில் அடுத்த பந்திக்காரர்கள் காத்திருந்தால் நடுவில் நின்று ஊதுவார். “சாப்ட்டவங்கள்லாம் எறங்கு! சாப்டாதவங்க ஏறு!” சம்பந்தியே பாயசத்தோடு எழுந்து ஓடியிருக்கிறார். ஒருமுறை ஐயர் மந்திரத்தை இழுத்துக்கொண்டே போகிறார் என்று பொறுமை இழந்து “போலாம் ரைட்!” என்று ஒரு குரல் கொடுத்தார். மேளக்காரர் அதைச் சைகை என்று நினைத்துக் கெட்டிமேளம் கொட்டிவிட்டார். மாப்பிள்ளை பயந்துபோய்த் தாலியைக் கட்டிவிட்டான். முகூர்த்தத்துக்கு முன்னாலேயே கல்யாணமான அந்த ஜோடி இன்றைக்கும் எங்கள் ஊரில் இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவருடைய கொல்லையில்தான் ஒரு நாள் அந்த வீடு வந்து நின்றது.

வீடு என்றால் வீடுதான். உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. கீழே மட்டும் நான்கு சக்கரம். ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி, ஆர்தர், கிளாடிஸ் என்று பெயர், நாடு நாடாக அதை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆசிரமப் பக்கம் நிறுத்த இடமில்லாமல், கிரிவலப் பாதையோரம் காலியாகக் கிடந்த இவர் புன்செய்க் கொல்லையில் திருப்பிவிட்டார்கள்.

அவர் மூச்சிரைக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டில் முதன்முதலில் கையெழுத்துப் போட்டவள் நான். எனக்கு முன்னால் எல்லோருக்கும் கட்டைவிரல்தான். அப்பா கிணறு வெட்டுகிறவர். ஊரில் இங்கிலீஷ் படித்தது இவள் ஒருத்திதான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பேப்பர், ரோடு வசனத்தைச் சொன்னார்.

“ரோட்ல ஓடுதா இல்லையான்னு வந்து பாருங்க மாமா” என்று செருப்பை மாட்டிக்கொண்டேன்.

முதல் பத்து நிமிடம் ஓடவில்லை. கிளாடிஸ் பேசிய ஆங்கிலம் எங்கள் பாடப்புத்தகம் எதிலும் இல்லை. நான் பேசியது அவருக்கும் எங்கும் கேட்டதாகத் தெரியவில்லை. பிறகு இருவரும் மெதுவாகப் பேசினோம், வண்டி கிளம்பியது. இங்கிலாந்தும் வேல்ஸும் சந்திக்கிற ‘பார்டர்’ மலைப்பகுதியில் அவர்கள் வீடு. ஒரு போட்டோ காட்டினார். பச்சைச் சரிவு, மேய்கிற ஆடுகள், நடுவே வரிசையாக வெள்ளை வெள்ளையாகச் சக்கர வீடுகள். அவர்களுடைய நிலம்தான். கோடையில் பல ஊர்களிலிருந்து ஜனங்கள் தங்கள் வீட்டைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்து, அங்கே நிறுத்தி, சில வாரம் இருந்துவிட்டுப் போவார்களாம். அதற்கு வாடகையும் கொடுப்பார்களாம்.

போலாம் ரைட் போட்டோவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“பார்டர்னு சொல்றாங்களே, ஓசூர் பார்டர் மாதிரியா? பர்மிட் இல்லாம மாட்டிக்கினாங்களா?”

“இல்ல மாமா. அவங்களா வந்து நிக்கறாங்க.”

“டீசல் இல்லையா?”

“இருக்குது.”

“அப்போ இன்னாத்துக்கு நிக்கறாங்க?”

கேட்டுச் சொன்னேன். “மலையைப் பாக்கறதுக்காம்.”

“ஊட்ல இருந்து கெளம்பணும், ஆனா ஊட்ட உடக் கூடாது. வண்டி வேணும், ஆனா ஓட்டக் கூடாது. அப்டித்தானே?” அவர் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். “புரியல. ஆனா நம்ம கிட்டயும் மலை கீது, கொல்லையும் கீது. ஆரமிச்சிடுவோம்.”

அவர் மனைவி குப்பம்மா அத்தைக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைதான் அந்தக் கொல்லைக்குச் சரி என்பது அத்தையின் முடிவு. “யோவ், தீபம் வரைக்கும் பாப்பேன். தீபத்தன்னிக்குக் கொல்லை நெறைய வண்டி நிக்கணும். இல்லன்னா மார்கழி பொறந்ததும் ஏர் கட்டி மல்லாட்டை போட்டுடுவேன். ஆமா, சொல்லிட்டேன்.”

எனக்கு அங்கே மொழிபெயர்க்கும் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் நான் எம்.ஏ. சேர வேண்டும். ஆக, கொல்லையில் மல்லாட்டை முளைத்தால் என் எம்.ஏ. முளைக்காது.

ஆர்தரும் கிளாடிஸும் தெற்கே போய்விட்டுத் தீபத்துக்குத் திரும்பி வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. இத்தனை காலம் ஓடுகிற வண்டியில் வாழ்ந்தவருக்குத் தன் கொல்லை முழுக்க வண்டிகள் சும்மா நிற்பதைப் பார்த்துத் தூக்கம் போய்விட்டது. மூன்றாம் நாள் விடியற்காலையில் விசில். எல்லா வண்டியும் ஓர் இடம் முன்னால் நகர வேண்டும். கடைசி வண்டி முதல் இடத்துக்கு வர வேண்டும். கிரிவலம் போலவே வலப்பக்கமாகத்தான். “வா, வா, வா… வரட்டும்… ரைட்!” அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் அவர் விசிலுக்கு முன்னால் ஓட்டுகிறவனுக்குத் தான் ஓட்டுவதே மறந்துபோகும்.

ஒரு தாடிக்காரர், ஜெர்மன்காரர், என்னிடம் வந்து பணிவாகக் கேட்டார். ஏன் தினமும் நகர வேண்டும்?

நான் மாமாவைக் கேட்டேன்.

“நின்னா டயர் உக்காந்துடும்மா. இதுகூடத் தெரியாதா இந்த ஆளுக்கு?”

டயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். நிற்பது உட்கார்ந்துவிடும். தாடிக்காரர் கண்களை மூடிக்கொண்டார். வெகுநேரம் திறக்கவில்லை. பிறகு போலாம் ரைட்டை நோக்கிக் கைகூப்பினார். “டயரப் பத்தி சொன்னதுக்கா இவ்ளோ பெரிய கும்பிடு?” என்று மாமா என்னைக் கேட்டார். மறுவாரம் ஆசிரமப் பக்கத்து டீக்கடையில், அடி அண்ணாமலையில் ஒரு விசில் சாமி இருக்கிறார், எதிலும் தங்காதே என்று உபதேசம் செய்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். தங்குவதற்கு வாடகை வாங்குகிறவர் எப்படி அப்படி உபதேசிப்பார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வண்டிகள் இன்னும் வந்தன.

ஆனால் ஞானமும் எத்தனை நாள் தாங்கும்? விசில் ஊதுகிற நேரத்தில் ஒருவர் கெட்டிலில் வெந்நீர் இருக்கும், இன்னொருவர் தலைகீழாக நின்றுகொண்டிருப்பார். கார்த்திகை பிறந்ததும் இரண்டு வண்டிகள் சொல்லிக்கொள்ளாமல் போயின. இன்னும் சிலர் மூட்டை கட்டினார்கள். குப்பம்மா அத்தை விதை மல்லாட்டையை உடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

“மாமா, காலையில நகத்தறத உட்டுடுங்களேன்” என்றேன்.

“நிக்கறதுக்குப் பேரு வண்டியா? ஷெட்டு!” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் கிளாடிஸும் ஆர்தரும் திரும்பி வந்தார்கள். நேராக வந்து மேற்கு ஓரத்தில் நிறுத்தினார்கள். மறுநாள் காலை விசில் ஊதியபோது எல்லா வண்டியும் முனகிக்கொண்டே கிளம்பியது, அந்த ஒன்றைத் தவிர.

கிளாடிஸ் வாசற்படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். மாமா பக்கத்தில் போய் ஊதினார். கிளாடிஸ் சீவினார். மாமா இன்னும் பலமாக ஊதினார். கிளாடிஸ் அடுத்த கிழங்கை எடுத்தார்.

விசிலுக்கு அசையாத ஓர் உயிரை மாமா அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். “நகர மனசு இல்லன்னா எறங்கச் சொல்லு பாப்பா!”

“இது பஸ் இல்லை, நிலம் என்று அவரிடம் சொல்” என்றார் கிளாடிஸ்.

சுற்றிலும் எல்லா வண்டிக்காரர்களும் இறங்கி வந்து நின்றார்கள். கிளாடிஸ் போனால் மொத்தக் கொல்லையும் போகும் என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. அத்தை உடைத்த மல்லாட்டையை முறத்தில் புடைக்கிற சத்தம் கேட்டது. இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் அப்படியே மொழிபெயர்த்தால் கதை அங்கேயே முடிந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு, ஏன் நகரமாட்டீர்கள் என்று நானாகக் கேட்டேன்.

கிளாடிஸ் என்னை உள்ளே கூப்பிட்டார். ஆர்தர் கட்டிலில் சாய்ந்திருந்தார். வரும் வழியில் முழங்கால் வீங்கி, நடக்க முடியாமல் போயிருந்தது. கட்டிலுக்கு எதிரே ஜன்னல். ஜன்னல் நிறைய மலை, உச்சி வரைக்கும். ஓர் இடம் நகர்ந்தால் புளியமரம் மறைத்துவிடும். தீபத்தை அவர் இந்தக் கட்டிலிலிருந்துதான் பார்க்க முடியும். அதற்காகத்தான் இத்தனை தூரம் வந்திருந்தார்கள். தங்கள் ஊரிலும் ஜனங்கள் வருஷா வருஷம் அதே இடத்துக்குத்தான் வருவார்கள், அதே ஜன்னலில் அதே மலை தெரிய வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்றார் கிளாடிஸ்.

வெளியே வந்தேன். இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? மலை, முழங்கால், புளியமரம் என்று ஆரம்பித்தால் “டயர் உக்காந்துடும்” என்பார். கொடியில் கிளாடிஸின் துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து அந்த ஜன்னல் விளிம்பில் போட்டேன்.

மாமாவின் வாயிலிருந்து விசில் இறங்கியது.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்போம். துண்டு விழுந்த இடத்தில் அமைச்சரே வந்தாலும் உட்கார முடியாது. துண்டுக்காக அந்தக் கண்டக்டர் எத்தனை சண்டைகளுக்குத் தீர்ப்புச் சொல்லியிருப்பார்!

“ஜன்னல் சீட்டா?” என்றார்.

“ஆமா மாமா. துண்டு போட்டாச்சு.”

“அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? துண்டு போட்ட சீட்ட நான் எழுப்புவேனா? முப்பது வருஷ சர்வீஸ்ல ஒருத்தன் சொல்லட்டும் பாக்கலாம்!” கிளாடிஸைப் பார்த்து, “உக்காருங்கம்மா, உக்காருங்க” என்றார்.

அவர் போன பிறகு தாடிக்காரர் வந்து துண்டின் தத்துவம் என்ன என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் காலை விசில் ஊதியபோது ஒவ்வொரு வண்டியின் ஜன்னலிலும் துண்டு, லுங்கி, போர்வை, ஒரு யோகாப் பாய். ஒன்றும் நகரவில்லை. மாமா கொல்லையின் நடுவில் திக்குத் தெரியாமல் நின்றார். பிறகு விசிலை வாயில் வைத்துக்கொண்டு, நிற்கிற வண்டிகளைச் சுற்றித் தானே வலம் வர ஆரம்பித்தார். ஏதாவது ஒன்று நகர வேண்டுமே.

மூட்டை கட்டியவர்கள் அவிழ்த்தார்கள். தீபத்தன்று கொல்லை நிறைய வண்டி. சாயங்காலம் உச்சியில் தீபம் ஏறியதும் பாதையெங்கும் “அரோகரா” முழங்கியது. ஜன்னலில் ஆர்தரின் முகம் தெரிந்தது. புளியமரத்தடியில் போலாம் ரைட் விசிலைக் கையில் பிடித்தபடி, ஊதாமல், நகராமல் நின்றிருந்தார். குப்பம்மா அத்தை அவரைப் பார்த்துவிட்டு, “ஓரத்துல மட்டும் போட்டுக்கறேன் போ” என்றாள்.

அந்த ஓரத்து மல்லாட்டையில் ஒரு பை, எம்.ஏ. சேர நான் போன பெங்களூருக்கு என்னோடு வந்தது. நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் கூட்டம் சொல்லி மாளாது. பஸ் திரும்புவதற்குள்ளேயே எங்கிருந்தோ ஒரு துண்டு பறந்து போய் மூன்றாவது ஜன்னலில் விழுந்தது. “ஏறு பாப்பா, மலைப் பக்கம் புடிச்சிருக்கேன்” என்றார் மாமா. நான் உட்கார்ந்ததும் கண்டக்டரை முந்திக்கொண்டு அவரே ஊதினார். பஸ் கிளம்பிவிட்டது.

எம்.ஏ. வகுப்பு தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. அந்தத் துண்டு விடுதியில் என் ஜன்னலில்தான் கிடக்கிறது. இன்னும் எடுக்கவில்லை.