கண்ணாடிக்கடைக்காரர் எழுதிய நூறு கதைகள்

எங்கள் தெரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரே மாதத்தில் ஆயிரம் சிறுகதை எழுதினார். சரி, கொஞ்சம் ஊதிவிட்டேன், நூறு. இவர் ஒரு தனி ரகம். பேனாவைத் தொடாமல் செல்பேசியிடம் "உருக்கமா ஒண்ணு எழுது" என்று சொல்லிவிட்டு, அது எழுதி முடிக்கும்வரை நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சிரமப்படுகிற ரகம்.

கண் பரிசோதனைக்கு வந்தவரை எழுத்துப்பலகை முன்னால் உட்காரவைத்துவிட்டு ஒரு கதை, கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகாணி முடுக்கும்போது இன்னொரு கதை, பிறகு 'மழை'யைத் 'தூறல்' ஆக்கி, "ராப்பகலா செதுக்கினேன்" என்று நாலு பேருக்கு அனுப்பிவைப்பார். செதுக்கினாராம். ஒரு சொல்.

நூலகத்தின் ஆண்டுத் தொகுப்பில் ஒரே ஓர் இடம் காலி. அதில் வரப்போவது தன் கதைதான் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று. வராவிட்டால் எந்த முகத்தோடு கடை திறப்பது? ஆகவே வாசிப்புக் கூட்டத்தில் தொண்டை கமறக் கமற வாசித்தார். கதையில் அம்மா இறந்துபோகிறாள். பழைய பெட்டியில் ஒரு கடிதம் கிடைக்கிறது. உருக்கம் கேட்டால் இயந்திரம் வேறென்ன செய்யும்?

நூலகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொந்த அனுபவமா சார்?"

கைதட்டல் யாரைத்தான் விட்டது? "ஆமாங்க. அம்மா போனதுலேருந்து எழுத்துதான் துணை."

வாசலில் ஒரு குடை தரையைத் தட்டியது.

"எங்கடா போனேன்? பத்திரிகை மேசைகிட்ட உட்காரவெச்சுட்டு நீதானே உள்ளே வந்தே."

நூலகர் நல்ல மனிதர். "பரவாயில்ல சார். இருக்கற அம்மாவைப் பத்தியே ரெண்டு வரி சொல்லுங்க, போட்டுடலாம். கோவம் வந்தா என்ன செய்வாங்க?"

ஐம்பது வருஷம் ஒரே வீடு. கடைக்காரர் யோசித்தார். கை தானாகச் சட்டைப்பையிலிருந்த செல்பேசிக்குப் போயிற்று.

"அதுக்கு எப்படிடா தெரியும்? என்னைக் கேளு" என்றார் அம்மா.

மகன் கேட்கவில்லை, நூலகர் கேட்டார். தொகுப்பில் அந்த இடத்தில் வந்தது அம்மா சொல்லச் சொல்ல நூலகர் எழுதிய இரண்டு பக்கம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். போன வாரம் உங்கள் தங்கைக்கு மணநாள் வாழ்த்து நாலு வரி அனுப்பினீர்களே, படித்துவிட்டு அவள் அழுதுகூட விட்டாளாமே, அது யார் கைவண்ணம்?

இந்தக் கதையை நான் வாசித்துக் காட்டியபோது பக்கத்தில் இருந்த கடைக்காரரின் அம்மா ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார்:

"நூறெல்லாம் இல்ல, பதினேழு. பதினேழுலயும் நான்தான் சாகறேன். எல்லாத்தையும் உட்கார்ந்து படிச்சவ நான் ஒருத்திதானே, எனக்குத் தெரியாதா?"