மொதல்ல வந்தது மாதிரி வராது

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாயால் நான் பிழைத்ததைவிட, என் வாய்க்குத் தப்பிப் பிறர் பிழைத்ததுதான் அதிகம்.

ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் சேலைகளைத் தரம் பிரிப்பது என் வேலை. நாள் முழுக்க இது ஒசத்தி, அது மட்டம் என்று சொல்லிப் பழகிய நாக்கு வீட்டுக்கு வந்தாலும் அடங்காது. சாம்பாருக்கும் தரம் சொல்லும். சம்பந்தி வீட்டுக்கும் சொல்லும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் அம்முவைக் காலைக் காட்சிக்குக் கூட்டிப்போயிருந்தேன். கார்ட்டூன் படம். அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஆளுக்கொரு மாயசக்தி உள்ள குடும்பம். ஊரைக் காப்பாற்றப் போன இடத்திலும் வீட்டுச் சண்டை போடுவார்கள். அதன் இரண்டாம் பாகம். முதல் பாகத்தை அம்மு அவள் அம்மாவோடு டிவியில் பார்த்தவள். அந்த அண்ணி இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் மறுமணம் செய்து அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை. புது அண்ணிக்குப் பெரணமல்லூர், அதிர்ந்து பேசாதவர். அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அம்மு "இங்க பாருங்க" என்றே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பியதும் கண்ணமங்கலத்து நண்பன் போன் செய்தான். பிள்ளைகளை அந்தப் படத்துக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டான். தரம் கேட்டால் விடுவேனா? கூடத்தில் நின்று ஆரம்பித்தேன். (மெதுவாகப் பேச எனக்கு வராது. தறிச் சத்தத்தில் வளர்ந்த தொண்டை.)

"மொதல்ல வந்தது மாதிரி வராதுடா. அது அசல் ஜரிகை. ரெண்டாவது டெஸ்டட்டு!" (மலிவு ஜரிகைக்குக் கடையில் அந்தப் பேர்.) "வெளிய பளபளன்னு கீது, உள்ள சரக்கு இல்ல. ஜனங்க கேக்குறாங்கன்னு ஜல்தியா கொண்டாந்துட்டானுங்க. கொழந்தைக்கோசரம் பொறுத்துக்கலாம். மூணாவது வந்தாலாவது தேறுதான்னு பாப்போம்."

திரும்பினேன். வாசற்படியில் புது அண்ணியின் அம்மா. மகளைப் பார்க்க முதல் தடவையாக முறுக்கு டப்பாவோடு வந்தவர். பக்கத்தில், அம்மாவை அழைத்துவரத் தெருவுக்குப் போயிருந்த அண்ணி.

"ஏம்பா, மூணாவதும் பாத்து வச்சிகினீங்களா?" என்றார் அத்தை.

"ஐயோ அத்தை, நான் படத்தப் பத்தி பேசிகினு இருந்தேன்!"

அத்தை நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அங்கே மாலையோடு முதல் அண்ணியின் படம்.

"அதான் கேட்டுதே. செத்துப்போன மவராசி அசலு, எம்பொண்ணு டெஸ்டட்டு. கெளம்புடி."

(அத்தை வீட்டிலும் தறி உண்டு. ஜரிகையைப் பற்றி அவருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.)

அண்ணி உள்ளே போனார். பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடிவந்த அண்ணன், விஷயம் தெரிந்ததும் என் காதைக் கடித்தான். "நீ வாயத் தெறந்து வெளக்காத. அந்த சினிமாவையே காட்டி நிரூபிச்சிட்டு வா."

"குடும்பமே பேஜாரா கீது, சினிமாவா?" என்றபடிதான் அத்தை மாட்னிக்கு வந்தார். எப்படியும் பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்தானே. அம்முவும் மறுபடி ஒட்டிக்கொண்டாள். அண்ணி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டே படம் பார்த்தார். நான் திரையைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் அத்தை முறுக்கு டப்பாவைத் திறந்து, என்னைத் தவிர வரிசை முழுக்கக் கொடுத்தார்.

முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். "இதுதான் ரெண்டாவதா?"

"ஆமாங்க அத்தை."

"இதையா டெஸ்டட்டுன்ன? உனுக்கு எவன்யா தரம் பாக்குற வேல குடுத்தது!"

அப்போதுதான் அண்ணி வாய் திறந்தார். "எனக்கு யாரு யாருன்னே சரியா புரியல தம்பி. மொத பாகத்துல என்ன கதை?"

நான் தொண்டையைச் செருமினேன். அம்மு என் வாயைப் பொத்தினாள். "சித்தப்பா வேணாம், நான் சொல்றேன். மொதல்து நான் எங்கம்மாகூட பாத்தேன்."

தெருவில் நடந்தபடியே சொன்னாள். "இந்த எடத்துல எங்கம்மாவுக்கு சிரிச்சி சிரிச்சி பொரை ஏறிடுச்சி."

"அப்பிடியா? அம்மா அப்புறம் என்ன சொன்னாங்க?"

"அதுவா... கேளுமா..."

நடுவில் ஒரு 'மா' விழுந்ததை அம்மு கவனிக்கவில்லை. அண்ணி பையை என் கையில் திணித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வந்தது. அத்தை தனியாகத்தான் ஏறினார்.

இன்றும் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் அண்ணி, "நான் ரெண்டாவது பாகங்க. தரம் வேணும்னா இவரக் கேளுங்க" என்று என்னைக் கைகாட்டுவார். நான் தண்ணீர் எடுத்துவரப் போய்விடுவேன். போனில் பேசுவதானால் மாடிக்குப் போகவேண்டும் என்பது அண்ணன் உத்தரவு. படம் என்ற சொல்லே எங்கள் வீட்டில் வழக்கொழிந்துவிட்டது. தியேட்டரில் ஓடுவது சினிமா. சுவரில் இருப்பது அக்கா. அந்தப் பேர் அண்ணி வைத்தது.