பியானோ மேல் தூசி

பியானோ மூடியில் மார்லிஸ் விரலால் தன் பெயரை எழுதிக் காட்டினாள். மரத்தூளில் எழுத்து அச்சடித்த மாதிரி விழுந்தது.

"படிச்சியா, டுவேன்? இந்த வீட்டுல ஒண்ணு தூசி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

டுவேன் பதறிப்போனான். வீட்டை ஒட்டிய கராஜில் அவன் மரத்தை அறுத்துக்கொண்டிருந்ததே அவளுக்காகத்தான். கல்யாண நாளுக்கு, அந்தப் பியானோவுக்கு ஒரு வால்நட் பெஞ்சு. சொன்னால் பரிசின் சுவாரஸ்யம் போய்விடும். அதனால் பீப்பாய் மாதிரி ஒரு பட்டறை வேக்குவம் கிளீனர் வாங்கி வந்தான்.

அதன் குழாயை இழைப்பு மெஷினில் மாட்டினான். இரண்டாவது பலகை முடிவதற்குள் குழாய் மரச்சீவலை விழுங்கி விக்கி நின்றது. வேக்குவத்தின் மூடியைத் திறந்து ஒரு தட்டு தட்டினான். உள்ளே இருந்ததெல்லாம் சமையலறை வரை பறந்து, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் பதார்த்தத்தின் மேல் படிந்தது.

"மிளகுத்தூளா?" என்றாள் மார்லிஸ். சாப்பிடவில்லை.

வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வெர்லின் சிரித்தான். "சீவலுக்குப் போய் யாராவது வேக்குவம் மாட்டுவாங்களாய்யா? டஸ்ட் கலெக்டர்னு மரத்தூளை உறிஞ்சற பெரிய மெஷினே இருக்கு, அதை வாங்கு!"

டுவேன் தயங்கித் தயங்கி மனைவியிடம் போனான். "அது ரொம்பப் பெருசு. உன் காரை வெளியதான் நிறுத்தணும்."

"நிறுத்திக்கறேன்."

"சத்தம் வேற ஜாஸ்தி."

"எவ்வளவு?"

"காதுக்கு மூடியும் மாட்டிக்கிட்டா, வீடே இடிஞ்சாலும் எனக்குக் கேக்காது."

"அப்ப அதையே வாங்கு."

ஜனவரி உறைபனியில் காரை வெளியே விடச் சம்மதிக்கிற மினசோட்டாக்காரி! டுவேனுக்குக் கண் கலங்கிவிட்டது.

புது மெஷின் சீவலையெல்லாம் விழுங்கியது. ஆனால் அதன் துணிப்பையிலிருந்து மாவு மாதிரி தூள் கசிந்து, கதவிடுக்கு வழியாக மறுபடி பியானோவுக்கே போனது.

மார்லிஸ் கத்தவில்லை. அலமாரியிலிருந்து அகலமான டேப்பை எடுத்து வந்து கொடுத்தாள்.

"வீட்டுப் பக்கக் கதவை கராஜுக்கு உள்ளேயிருந்து ஒட்டிடு. நல்லா அழுத்தி ஒட்டு."

என்ன பொறுமை இவளுக்கு என்று நினைத்தபடி, சனிக்கிழமை காலை முதல் டுவேன் உள்ளேயே கிடந்தான். மெஷின் இரைந்தது. காதுமூடியை மாட்டிக்கொண்டு பெஞ்சை இழைத்தான், தேய்த்தான், கன்னத்தை வைத்து வழவழப்புப் பார்த்தான். இனி ஒரு துளி தூசி அவள் பக்கம் போகாது.

சாயங்காலம் மெஷினை அணைத்து, கராஜின் பெரிய கதவைத் தூக்கி, பெஞ்சோடு வெளியே வந்தான். மார்லிஸின் கார் இல்லை. கடைக்குப் போயிருப்பாள், நல்லதுதான், வருவதற்குள் பியானோ முன்னால் போட்டுவிடலாம்.

வேலிக்கு அப்பாலிருந்து வெர்லின் பெஞ்சைப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

"அடடா, காலையிலேயே முடிச்சிருக்கக் கூடாதாய்யா? மார்லிஸ் பெட்டி படுக்கையோட பியானோவ ஏத்தறப்பவே இதையும் லாரியில போட்டிருக்கலாமே!"