மீன் தொட்டிக்குள் எட்டுப் பாக்கெட் பண்டோங்

தன்னைப் பொறுப்பானவர் என்று சொல்லிக்கொள்ளும் யாரையும் நம்பாதீர்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். அந்தப் பெருமையெல்லாம் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் ஒரே ஞாயிற்றுக்கிழமை கரைந்துபோனது. அதுவும் ரோஸ் நிறத்தில்.

அப்போது எங்கள் வீட்டு வரவேற்பறையில் மூன்றடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருந்தேன். உள்ளே உயிருள்ள பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள். தண்ணீர் இருபத்தாறு டிகிரியில் நிற்க வேண்டும். பினாங்கு வெயிலோ முப்பதுக்குக் கீழே இறங்காது. அதனால் சில்லர் என்ற குளிரூட்டும் பெட்டி இராப்பகலாக ஓடும். விளக்கும் காலையில் மெல்ல ஏறி மாலையில் மெல்ல இறங்க வேண்டும். (அம்மா: “பெத்தவள ஒரு நாளாச்சும் இப்படிக் கவனிச்சிருப்பியா?”)

பிரகாஷும் நானும் நான்கு வருடமாகக் காதலித்தோம். அவன் அம்மாதான் மசியவில்லை. ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்து ஓய்வு பெற்றவர். “அந்தப் பொண்ணு ரொம்பத் துள்ளுது, வீட்டுக்குச் சரிப்படாது” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். பிரகாஷ் கடைசியில் என் தொட்டியைச் சாட்சிக்கு இழுத்தான். “ம்மா, அவ மீன் தொட்டில ஒரு டிகிரி ஏற விடமாட்டா. அவ்ளோ பொறுப்பு. வந்து பாருங்க லா.” சரி, ஞாயிறு ஐந்து மணிக்குப் பார்க்கிறேன் என்று அவரும் ஒத்துக்கொண்டார். என் கல்யாணமே அந்த ஒரு டிகிரியை நம்பி இருந்தது.

மதியம் இரண்டு மணிக்குச் சில்லர் நின்றது. தட்டினேன், கெஞ்சினேன், ஒரு உதைகூட விட்டேன். அசையவில்லை.

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். விளக்கை அணைக்க வேண்டும், மூடியைத் திறக்க வேண்டும், மின்விசிறியைத் தண்ணீர் மேல் திருப்ப வேண்டும். இணையக் குழுவில் எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் அதட்டலாகவே. ஆனால் விளக்கை அணைத்தால் பவளங்கள் சுருங்கிவிடுமே! வருங்கால மாமியார் வந்து இருட்டையா பார்ப்பார்? வெள்ளை, நீலம் இரண்டு விளக்குகளையும் முழு வெளிச்சத்தில் போட்டேன். துருப்பிடித்த மின்விசிறியை, பார்க்க அசிங்கம் என்று, கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

“என்னடி இது, ராத்திரி பந்து விளையாடுற பாடாங் மாதிரி வெளிச்சமா இருக்கு?” என்றார் அம்மா.

“சும்மா இருங்கம்மா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

மூன்றரைக்கு இருபத்தொன்பது டிகிரி. ஐஸ் வாங்கக் கீழே கடைக்கு ஓடினேன்.

“ஐஸ் மட்டும் தர முடியாது தங்கச்சி, கொறைவா இருக்கு. தண்ணி எதாச்சும் வாங்கு, ஐஸ் நெறைய போட்டுத் தரேன்” என்றார் கடைக்கார அண்ணன். விருந்தாளிகளுக்கு எப்படியும் பண்டோங் வாங்க வேண்டும். ரோஸ் சிரப்பும் பாலும் கலந்தது. எட்டுப் பாக்கெட் சொன்னேன்.

“எப்படிக் கட்டுறது? இக்காட் தெப்பியா, இக்காட் மாத்தியா?”

எங்கள் ஊரில் பிளாஸ்டிக் பையில் பானம் கட்ட இரண்டு விதம் உண்டு. தெப்பி என்றால் ஓரமாகக் கட்டி, ஸ்ட்ரோ நுழைய ஒரு மூலையைத் திறந்து விடுவது. மாத்தி என்றால் வாயையே இறுக்கி முடிச்சுப் போடுவது. நான் கைப்பேசியில் சில்லர் பழுது பார்ப்பவரைத் தேடிக்கொண்டே, “எப்பவும் போலண்ணே” என்றேன். எப்பவும் போல என்றால் தெப்பி.

எட்டையும் தண்ணீரில் படும்படி தொட்டி ஓரத்தில் தொங்கவிட்டேன். பாலும் சர்க்கரையும் பைக்குள்ளேதானே இருக்கிறது! டிகிரி இருபத்தெட்டுக்கு இறங்கியது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

பைகளைத் தொட்டிக்குள் இருந்த பாறைக்குப் பின்னால் அமுக்கினேன். டிகிரி காட்டும் பெட்டியை மறைத்துப் பிள்ளையார் படத்தை வைத்தேன். (அவர் என்னை மன்னிக்கட்டும்.)

பிரகாஷின் அம்மா நேரே தொட்டிக்கு வந்தார். பிள்ளையாரைக் கண்டதும் முகம் மலர்ந்து, படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படம் சரிந்தது. பின்னால் இருபத்தெட்டரை. அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பதற்குள் பாறைக்குப் பின்னாலிருந்து ரோஸ் மேகம் ஒன்று எழுந்து வந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கோமாளி மீன் திருதிருவென விழித்துக்கொண்டு வெளியே வந்தது. அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி பாலைக் கண்டதும் வெறி பிடித்து நுரையைத் தரையெல்லாம் கக்கியது.

“ஐயையோ, பொங்குதுடி!” என்று அம்மா அலறினார். பிரகாஷ் வாய்க்குள் “பொங்கலோ பொங்கல்” என்றான். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் ஓவென்று அழுதேன். கல்யாணத்துக்கா மீனுக்கா என்று எனக்கே தெரியவில்லை.

பிரகாஷின் அம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். “அழுவுறத அப்புறம் வச்சிக்கலாம். நல்ல தண்ணி இருக்கா?”

“உப்புத் தண்ணி ரெண்டு பெரிய தோங் நெறைய கலக்கி வச்சிருக்கேன் ஆன்ட்டி.”

“பிரகாஷ், பால்டி கொண்டா. நீ லைட்ட அடை. கிப்பாஸ் எங்க?”

மின்விசிறி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. இரண்டு மணி நேரம் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினோம். அவர் நடுவில் நின்று தொழிற்சாலை போலவே எங்களை ஓட்டினார். இருட்டுவதற்குள் தண்ணீர் தெளிந்து இருபத்தேழுக்கு வந்தது. மீன்கள் இரண்டும் பிழைத்தன. நான் ஆசையாக வளர்த்த பச்சைப் பவளம் மட்டும் அந்த வாரமே வெளுத்துச் செத்தது.

“எல்லாம் என் தப்புதான் ஆன்ட்டி. அப்பவே லைட்ட அடைச்சிருந்தா போதும். உங்களுக்கு அழகா காட்டணும்னுதான்...” என்றேன்.

அவர் ஈரத் தரையிலேயே சாய்ந்து உட்கார்ந்து, தொட்டியிலிருந்து எடுத்த பைகளில் கொஞ்சம் மிச்சமிருந்த ஒன்றை, நான் தடுப்பதற்குள், ஒரு வாய் உறிஞ்சினார். முகம் கோணியது. “உப்புக் கரிக்குது!” என்றவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். லிப்டில் மகனிடம் தீர்ப்பைச் சொன்னாராம்: “பொறுப்புன்னு சொன்னது பொய். துள்ளுறதும் உண்மைதான். ஆனா பால்டி தூக்குது, தப்ப ஒத்துக்குது. நாள் பாத்துருவோம்.”

கல்யாணத்தில் பிரகாஷ் தாலியோடு குனிந்தபோது, மேளச் சத்தத்தையும் மீறி அவன் அம்மாவின், இனி என் அத்தையின், குரல் கேட்டது: “டேய், இக்காட் மாத்தியா கட்டுடா!”

அதனால்தான் எங்கள் தாலி கட்டும் படத்தில் மணப்பெண் தலை குனியாமல் வாயெல்லாம் பல்லாக இருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் காரணம் கேட்டால் அத்தைதான் முந்திக்கொண்டு கதை சொல்வார். ஒவ்வொரு முறையும் பாக்கெட் எண்ணிக்கையைக் கூட்டிவிடுவார். போன வாரம் அது இருபத்தைந்து ஆகியிருந்தது. நான் திருத்தவில்லை, எழுந்து போய்த் தொட்டி விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வந்தேன்.