பீஸ் கட்டையோடு போன ஏணிவேணாம்

ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூட ஏணி கிடையாது. ஏணி வாங்க வக்கில்லாத தெரு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வீட்டில் கார் நின்றது, ஒரு வீட்டில் பியானோ இருந்தது. ஏணி வாங்கினால் ஒரு மனிதர் மனம் நொந்துபோவார் என்ற ஒரே காரணத்துக்காக யாரும் வாங்கவில்லை. அந்த மனிதரின் பெயர் ஏணிவேணாம்.

பெற்றோர் வைத்த பெயர் வேறாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் எந்த வீட்டில் உச்சியிலிருக்கும் பல்பு பீஸ் போனாலும், வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் "ஏணி வேணாம்" என்று சொல்லிக்கொண்டே கேட்டைத் திறந்து வந்துவிடுவார். அதனால் அவருடைய மனைவியே போனில் "ஏணிவேணாம் வூட்டுல இருந்து பேசறேன்" என்று சொல்லும் அளவுக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

எங்கள் தெருவின் வியாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் எழும்பிய அந்தத் தெருவின் அத்தனை வீடுகளையும் கட்டியது ஒரே மேஸ்திரி. ஹாலை மாடி உயரத்துக்குத் தூக்கிக் கட்டினால் பங்களா மாதிரி இருக்கும் என்று என் அப்பா உட்பட எல்லோர் மண்டையையும் கழுவிவிட்டார். சாரம் கட்டியிருந்தபோதே உச்சியில் நட்டநடுவே ஒரு ஹோல்டரை வைத்து, குண்டு பல்பு ஒன்றையும் மாட்டிவிட்டார். சாரத்தைப் பிரித்த பிறகு அதை எப்படி மாற்றுவது என்று அவரும் யோசிக்கவில்லை, செங்கல்பட்டில் ஒரு ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த அப்பாவும் யோசிக்கவில்லை. முதல் பல்பு போனபோது அப்பா சாப்பாட்டு மேஜை மேல் நாற்காலியைப் போட்டு, அதன் மேல் ஏறி, கையை நீட்டிப் பார்த்தார். ஓர் ஆள் உயரம் இடைவெளி இருந்தது. இறங்கி வந்து, "டியூப்லைட் வெளிச்சமே போதும். கண்ணுக்கு நல்லது" என்றார்.

அன்றைக்குத்தான் ஏணிவேணாம் முதன்முறையாக எங்கள் வீட்டுக்குள் வந்தார். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்த சட்டை. மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில், வெளிநாட்டுக்குப் போகும் கற்சிலைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடைக்கும் வேலை. தினமும் செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து பஸ். கையில் இரண்டு சவுக்குக் கழிகளை ஒட்டுப்போட்டுக் கட்டிய ஒரு நீளக் கோல். அதன் நுனியில், அடியை வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைத் தலைகீழாகக் கட்டி, உள்பக்கம் சைக்கிள் ட்யூப் ஒட்டியிருந்தார். பல்பைக் கவ்வி, மேலே ஒரு முட்டு முட்டி, இடப்பக்கம் திருகினால் கழன்றுவிடும் என்பது அவருடைய கணக்கு.

"ஒரு ஏணி வாங்கிட்டா இந்தக் கஷ்டமே இல்லையே" என்று அப்பா தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டார்.

"இன்னா சார் படிச்சவரு நீங்கோ. ஏணில ஏறுனா ரெண்டு கையும் ஏணிய புட்ச்சிக்கினு இருக்கும். அப்பால பல்ப எந்தக் கையால கழட்டுவீங்கோ?"

அப்பா மேஜை மேலிருந்த நாற்காலியை இறக்கி வைத்தார்.

அவர் பல்பு மாற்றுவதைப் பார்க்க விரும்புகிறவர்கள் சில சட்டதிட்டங்களுக்குக் கட்டுப்பட வேண்டும். முதலாவது, ஹாலில் நிற்கும் அத்தனை பேரும் ரப்பர் செருப்பு போட்டிருக்க வேண்டும். ஷாக் அடிக்காமல் இருக்க அவர் ஒருவர் போட்டால் போதாதா என்று கேட்டால், "கரண்ட்டுக்கு ஆள் தெரியுமா?" என்பார். சாமி படம் இருக்கும் ஹாலில் செருப்பா என்று அம்மா துடித்துப்போனாள். கடைசியில் சாமி அலமாரிக்குத் திரை போட்டுவிட்டு அம்மாவும் செருப்பு மாட்டிக்கொண்டாள். அடுத்தது, வீட்டிலிருக்கும் எல்லோரும் ஒரு போர்வையை மூலைக்கு மூலை பிடித்துக்கொண்டு பல்புக்குக் கீழே நிற்க வேண்டும், தவறி விழுந்தால் ஏந்த.

"பயப்படாதீங்கோ. கல்லையே ஒடையாம கப்பல்ல அனுப்பறவன் நானு. இந்தக் கண்ணாடி இன்னா பெரிய விஷயம்?" என்பார். சொல்லி முடிப்பதற்குள் பல்பு போர்வைக்கு வெளியே விழுந்து உடையும். அவர் அசரமாட்டார். "போர்வைய தப்பா புட்ச்சிட்டீங்கோ" என்று எங்களைக் கண்டித்துவிட்டு அடுத்த பல்பைக் கேட்பார். நாங்களும் வெட்கத்தோடு எடுத்துக் கொடுப்போம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் பீஸ் கட்டை. மெயின் சுவிட்சை அணைத்தால் மட்டும் அவருக்குப் போதாது. வாசல் சுவரிலிருக்கும் மீட்டர் பலகையிலிருந்து பீஸ் கட்டையையே உருவித் தன் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். "சுவிட்ச எவனாச்சும் வந்து போட்டுட்டா? கட்டை என் ஜோபில கீதுன்னா எமனே வந்தாலும் கரண்ட் குடுக்க முடியாது" என்பார். பல்பு மாற்றியதும் கட்டையைத் திரும்பச் செருகி, சுவிட்சைத் தட்டி, விளக்கு எரிவதைப் பார்த்து, தானே கை தட்டிக்கொள்வார். அதன் பிறகுதான் காபி. காசு கொடுத்தால் கோபம் வந்துவிடும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு அப்போது சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. நைட் ஷிஃப்ட். கம்பெனி வண்டி என்னை வாசலில் இறக்கிவிடும்போது தெருநாய்கூடத் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த ஷிஃப்ட்டைக் கேட்டதுமே வந்த வரன்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. அடுத்ததாகக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் ஜாதகம் பொருந்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"ஷிஃப்ட் கிஃப்ட்னு வாயத் திறந்த, நான் மனுஷியா இருக்க மாட்டேன். கம்ப்யூட்டர் கம்பெனின்னு மட்டும் சொல்லு. மத்தத கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் அம்மா. எனக்கோ அந்த வேலை உயிர். மறைத்துக் கட்டிக்கொண்டு, பிறகு அதற்காகத் தினமும் சண்டை போட நான் தயாராக இல்லை. ஆனால் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, அத்தனை பேர் முகத்துக்கு முன்னால் இதற்குச் சம்மதமா என்று எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை.

வருகிறவர்கள் முன்னால் ஹால் இருட்டாக இருக்கக்கூடாது என்று அன்று மத்தியானம் அப்பா ஏணிவேணாமை அழைத்தார். அன்றைக்கு லைன் வேலை என்று காலையிலிருந்தே தெருவில் கரண்ட் இல்லை. இருந்தாலும் அவர் பீஸ் கட்டையை உருவினார்.

"கரண்ட்தான் இல்லையேண்ணே" என்றாள் அம்மா.

"இல்லாத கரண்ட்டத்தாம்மா நம்பக்கூடாது. எப்ப வேணா வந்துடும்."

செருப்பு, போர்வை, திரை எல்லாம் முறைப்படி நடந்து புதுப் பல்பு ஏறிவிட்டது. எரிகிறதா என்று பார்க்கக் கரண்ட் இல்லை. எரியவைத்துப் பார்க்க வேண்டியிருந்தால்தானே கட்டையைச் செருகும் ஞாபகம் வரும். அம்மா கொடுத்த கேசரியைச் சாப்பிட்டார், "பாப்பா, தகிரியமா இரு" என்று எனக்குச் சொன்னார், அவசரமாக ஒரு சிலை ஏற்ற வேண்டும் என்று மாமல்லபுரத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் தெருவுக்குக் கரண்ட் வந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அப்பா மெழுகுவத்தியோடு மீட்டர் பலகையைப் போய்ப் பார்த்தார். கட்டை இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. பக்கத்து வீட்டுக் கட்டையை வாங்கி வைத்துப் பார்த்தோம், அளவு சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, எலக்ட்ரிக் கடை பூட்டியிருந்தது. அவரிடம் செல்போனும் கிடையாது. பட்டறைக்கு அப்பா போன் செய்தபோது அவர் அப்போதுதான் பஸ்ஸைவிட்டு இறங்கி உள்ளே வந்துகொண்டிருந்தாராம். விஷயத்தைக் கேட்டதும் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, வந்த வழியே ஓடினார் என்று பட்டறைக்காரர் சொன்னார்.

அவர் ஓடிவர ஆரம்பித்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வாசலில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் மட்டும்தான். நாட்டுக்கே கரண்ட் கொடுக்கும் ஊரிலிருந்து வந்தவர்கள் எங்கள் இருட்டுக்குள் தட்டுத்தடுமாறி உட்கார்ந்தார்கள். இருந்த ஒரே மெழுகுவத்தியும் மின்விசிறி இல்லாமல் திறந்துவைத்த ஜன்னல் காற்றில் அணைந்து அணைந்து எரிந்தது. கடைசியில் அம்மா அதை ஏற்றுவதையே விட்டுவிட்டாள்.

பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண்ணைத் தவிர இருட்டு முழுவதும் தெரிந்தது. நான் காபித் தட்டை நீட்டினேன், அப்பா எடுத்துக்கொண்டார். இன்னொரு டம்ளரை நீட்டினேன், அதையும் அப்பாவே எடுத்துக்கொண்டார்.

"பொண்ணு எங்கம்மா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"உங்க பக்கத்துலதான் நிக்கறேன்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். ஆண் குரல். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. யார் முகமும் தெரியாத அந்த இருட்டில் என் முகமும் யாருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"எனக்கு நைட் ஷிஃப்ட். கல்யாணத்துக்கு அப்புறமும் போவேன். உங்களுக்கு அது சரிப்படுமா?"

அம்மாவின் கையிலிருந்து தட்டு விழுந்த சத்தம் கேட்டது. அது உருண்டு, சுற்றி, அடங்கியது.

"எனக்கும் ஷிஃப்ட்தாங்க" என்றது அந்தக் குரல். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வீட்ல இருப்போமான்னுதான் யோசிக்கறேன். மத்தபடி எனக்கு என்ன?"

"சமையல் யாருடா பண்றது?" என்றார் அவருடைய அம்மா.

"நான் பண்ணுவேன்மா. நல்லாதான பண்றேன்?"

"நல்லால்லாம் இல்ல. திங்கலாம்."

இந்த முறை நான் சிரித்தேன், என் அப்பாவும் சிரித்தார். சற்றுப் பொறுத்து அம்மாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

பேச்சு இருட்டிலேயே இரண்டு மணி நேரம் ஓடியது. அப்புறம்தான் கேட் படாரென்று திறந்தது. மூச்சு வாங்க ஏணிவேணாம் வந்து சேர்ந்தார். விருந்தாளிகள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. "கட்டைய போடப்போறேன். எல்லாரும் செருப்ப மாட்டிக்கோங்கோ" என்று வாசலிலிருந்தே உத்தரவு போட்டார். பதறிப்போய் எல்லோரும் இருட்டில் காலுக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டார்கள். பளிச்சென்று உச்சி பல்பு எரிந்தது.

அப்படித்தான் என் கணவரை நான் முதன்முதலில் பார்த்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அழகான மீசை, காலில் எங்கள் வீட்டு பாத்ரூம் செருப்பு.

ஏணிவேணாம் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே போய், சுவரோரமாக நின்றுகொண்டார். நான் பட்டுப்புடவையோடு போய்ப் பார்த்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன.

"என்னால கெட்டுப்பூட்ச்சா பாப்பா? பஸ்ல வரசொல்லோ எனக்கு உசுரே இல்ல."

"இல்ல அங்கிள். முடிஞ்சிடுச்சி. அவங்களுக்குப் பிடிச்சிருக்காம்."

"ஒன்ன பாக்கவே இல்லியே, எப்புடிப் புட்ச்சிது?"

தெரிந்தேதான் கட்டையை எடுத்துப் போனார் என்று முடித்தால் கதை நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. சுத்தமாக மறந்துதான் போனார். அவர் மட்டும் மறக்காமல் இருந்திருந்தால், அந்தப் பிரகாசமான பல்புக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு, கம்ப்யூட்டர் கம்பெனி என்று மட்டும்தான் சொல்லியிருப்பேன்.

கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போதுதான் அவருடைய பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது என்பது தெரிந்தது. அப்பா வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, உறையில் 'உயர்திரு ஏணிவேணாம் குடும்பத்தார்' என்று எழுதினார். அவர் வாங்கிப் படித்துவிட்டு, 'உயர்திரு' என்ற சொல்லை மனைவியிடம் இரண்டாவது முறையும் காட்டினார்.

பாடம் கற்றுக்கொண்டாரா என்று கேட்காதீர்கள். அடுத்த வீட்டிலும் கட்டையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். யாராவது வாயைத் திறந்தால், "இது ராசியான ஜோபி. ஒரு கல்யாணமே நடந்துகீது" என்பார். பின்தெருவில் வரன் தட்டிப்போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணின் அம்மா, அடுத்த முறை பெண் பார்க்க வரும் நாளில் தங்கள் வீட்டுக் கட்டையையும் எடுத்துப் போகச் சொல்லி அவரைக் கூப்பிட்டது உண்மை.

இப்போது நாங்கள் கேளம்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறோம். மாடிப்படிக்கு மேலே கை எட்டாத இடத்தில் இருக்கும் பல்பு போன வாரம் போய்விட்டது. மடக்கு ஏணி ஒன்று வாங்கிவிடலாம் என்றார் கணவர். நான் ஏணி வேணாம் என்றேன். ஊரப்பாக்கத்துக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை கோலோடு பஸ்ஸில் வருகிறாராம். இந்த வயசில் எதற்கு என்று அவர் வீட்டில் திட்டுவது போனிலேயே கேட்டது.

எங்கள் ஃப்ளாட்டில் பீஸ் கட்டை கிடையாது. தட்டிவிடுகிற சுவிட்சுகள்தான். உருவிப் பாக்கெட்டில் போட ஒன்றும் இல்லையே என்று அவர் முகம் வாடிவிடுமோ என்பதுதான் என் கவலை. சாவிக்கொத்தையாவது பலகைக்குப் பக்கத்தில் தொங்கவிடலாம் என்றிருக்கிறேன். மறந்து எடுத்துக்கொண்டு போகட்டும். திருப்பிக் கொடுக்க இன்னொரு முறை வருவார் அல்லவா.