கொழுப்பு கரைந்து எங்கே போகிறது, மச்சான்?

மேல் பிரிவு, பத்தாம் நம்பர் லயம்,
நமுனுகுல.
ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட நேரம்.

அன்புள்ள மச்சான் ஜெயரூபனுக்கு,

உன் அத்தான் ரெங்கசாமி எழுதுகிறேன். நானும் உன் அக்கா விஜயலெட்சுமியும் இங்கே நல்ல சுகம் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்த உன் அக்கா எட்டிப் பார்த்து, "சுகம்னு எழுதாதீங்க. அவன் அனுப்புன வீடியோவாலதான் சுகம்னு நெனைச்சுக்கிட்டு இன்னும் பத்து அனுப்புவான்" என்றாள். ஆகவே எங்கள் சுகத்தைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. வெள்ளவத்தையில் நீயும் சிவசக்தியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பாவிட்டாலும் எழுதியிருப்பேன், அது முறை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் பேசி அனுப்புவதை நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக உன் மகளே சொல்லிவிட்டாள். என் கவலைகள் அந்த வேகத்தில் ஓடக்கூடியவை அல்ல. தவிர, நீ மூன்று மாதத்தில் அனுப்பிய நாற்பத்தியொரு வீடியோவுக்குப் பிறகு என் போனில் ஒரு 'வணக்கம்' வைக்கக்கூட இடமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்கு முன் கிளினிக்கில் உன் அக்காவுக்கு வெறும் வயிற்றில் இரத்தம் பார்த்ததும், சீனி நூற்று முப்பத்தியொன்று என்று வந்ததும் உனக்குத் தெரியும். சாப்பாட்டைக் கவனியுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம், குறையாவிட்டால் குளிசை தொடங்குவோம் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது உன் அக்கா, "எங்கம்மாவுக்கும் மொதல்ல ஒரே ஒரு குளிசைதான் குடுத்தாங்க" என்றாள். உங்கள் அம்மாவுக்குச் சீனி வியாதியால் காலை வெட்டி எடுத்த வருடம் நீ கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாய். அந்தப் புண்ணைக் கழுவித் துணி மாற்றியது இவள். எனக்குப் பயமாக இருந்தது, மச்சான். அதை உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அந்தப் பயத்தில்தான் உனக்குப் போன் போட்டேன், நீயும் பாசத்தில் வீடியோ அனுப்பத் தொடங்கினாய், நானும் ஒவ்வொன்றையும் செய்து பார்த்துவிடுவது என்று இறங்கினேன். உன் அக்காவோ விடிந்தால் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து வேலை வாங்கிக்கொண்டு கொழுந்து பறிக்க மலை ஏறுகிறவள், இரண்டு விதமாகச் சமைக்க அவளுக்கு ஏது நேரம். ஓய்வு பெற்றவன் நான்தானே. நாலு மணிக்கு எழும்பி அடுப்பை நான் பிடித்துக்கொண்டேன்.

முதலில் கோதுமை மா ரொட்டியை விரட்டச் சொன்னாய். விரட்டினேன். கேழ்வரகு என்று நம் பாட்டிமார் சொல்லும் குறக்கனில் சீனியே இல்லை என்று கண்ணாடி போட்ட ஒருவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். சீனி இல்லையென்றால் எத்தனை தின்றால்தான் என்ன என்று ஆளுக்கு ஐந்து ரொட்டி சுட்டேன். நான் சுட்ட குறக்கன் ரொட்டியை உன் அக்கா மலைக்குக் கொண்டுபோக, அங்கே பத்து மணித் தேத்தண்ணிக்குக் கூடிய பெண்கள் அதை ஆளாளுக்கு வாங்கித் தட்டிப் பார்த்தார்களாம். ஒருத்தி, "அக்கா, இது திங்கிறதா, கவ்வாத்துக் கத்தி தீட்டுறதா?" என்று கேட்டாளாம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கிளினிக்கில் மருந்து கட்டும் மிஸியிடம் பெருமையாகச் சொன்னபோது அவர், "ஐயா, குறக்கன் நல்லதுதான். ஆனா அதுவும் மாவுதானே? அஞ்சு ரொட்டி தின்னா அஞ்சு ரொட்டிதான்" என்றார். நீ அனுப்பிய நாற்பத்தியொரு வீடியோவையும் திரும்பப் பார்த்தேன். எதைத் தின்ன வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எவ்வளவு என்று மட்டும் ஒருவரும் வாயைத் திறப்பதில்லையே, ஏன்?

அடுத்தது கருப்பட்டி. வெள்ளைச் சீனி விஷம், கித்துள் கருப்பட்டி மருந்து என்று ஒரு வீடியோ. பதுளையில் ஜௌபர் நானாவின் கடைக்குப் போய் நல்ல கருப்பட்டியாகப் பார்த்து நான்கு வட்டு வாங்கி வந்தேன். மருந்துதானே என்று உன் அக்கா ஒரு நாளைக்கு ஆறு தேத்தண்ணி குடித்தாள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு குடைச்சல். முப்பத்தியொரு வருடம் ஸ்டோர் மெஷினில் தேயிலை அரைத்தவன் நான். ஒவ்வொரு அரைப்பையும் ருசி பார்த்துத்தான் அனுப்புவோம், பெட்டியில் ஒட்டிய பெயரை நம்பி அனுப்புவதில்லை. கீழ் லயத்து மாரிசாமி மாஸ்டரிடம் விரலில் குத்திச் சீனி பார்க்கும் மெஷின் இருக்கிறது. அதை இரவல் வாங்கி, ஒரு நாள் சீனி போட்ட தேத்தண்ணிக்குப் பிறகு என் விரலில் குத்திப் பார்த்தேன். மறுநாள் அதே எடை கருப்பட்டி போட்டுக் குடித்துவிட்டுக் குத்தினேன். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி வந்து நின்றன. நாலு எண்தான் வித்தியாசம். என் ஒரு விரலை வைத்து உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த விரல் என்னுடையது. மிச்சக் கருப்பட்டியைத் தூக்கிக்கொண்டு ஜௌபர் நானாவிடம் போனேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நான் செய்றது யாவாரம், ரெங்கசாமி. மருந்துண்டு நான் செல்லினேனா? செல்லினது உங்கட மச்சான். அவருக்கிட்டப் போய்க் கேளுங்க" என்றார். கேட்கிறேன், மச்சான். பதில் எழுது.

பச்சைத் தேயிலை குடித்தால் உடம்பு மெலியும் என்று நீ எல்ல ஊரிலுள்ள கடைக்குச் சொல்லி அனுப்பிய பெட்டியும் வந்தது. வெள்ளைக்காரர்கள் வாங்குகிற கடை, பெட்டி அழகாகத்தான் இருக்கிறது. மேலே ஒரு மலைப்படம். உன் அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது நம்ம மலை மாதிரி இல்ல?" என்றாள். இருக்கலாம். அவள் பறித்த கொழுந்து ஊர் சுற்றிவிட்டு அவளுக்கே மருந்தாகத் திரும்பி வந்திருக்கலாம். தேயிலைக்கு மெலிய வைக்கும் சக்தி இருந்தால் கொழுந்தை வாட்டுகிற மாடியில் பகலெல்லாம் அந்த வாசத்தையே மூச்சாக இழுத்த நாங்கள் ஊசி மாதிரி இருந்திருக்க வேண்டாமா? எங்கள் டீமேக்கர் ஐயா கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைவார்.

வெந்நீரில் தேசிக்காய் பிழிந்து தேனும் விட்டுக் குடித்தால் கொழுப்பு கரைந்து ஓடும் என்றாய். குடித்தோம். தவறாக நினைக்காதே, எனக்கு அறிய ஆசை, அவ்வளவுதான். கரைகிறது என்றே வைத்துக்கொள்வோம். கரைந்து எங்கே போகிறது? மிஸியிடம் கேட்டேன். சிரித்தாரே தவிர, வழி சொல்லவில்லை.

தண்ணீர் விஷயத்தில்தான் எனக்கு உன் மேல் உண்மையிலேயே கோபம் வந்தது. ஒரு நாளைக்குக் கட்டாயம் எட்டுக் கிளாஸ் தண்ணீர், அதுவும் பகலில், என்று ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விரலை ஆட்டுகிறார். நானும் போத்தலில் அடைத்துக் கொடுத்தனுப்பினேன். முதல் நாள் அவள் வீடு வந்த வேகத்தைப் பார்த்து யாரோ துரத்துகிறார்கள் என்று பயந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னாள். "நான் போற மலையில கக்கூசு எங்க இருக்கு? குடிச்சிட்டு எங்க போவேன்? பொம்பளைங்க நாங்க விடியக்காலம் போனா அந்தியில வீட்டுக்கு வந்துதான்." முப்பத்தியொரு வருடம் நான் வேலை செய்த ஸ்டோரில் கக்கூஸ் இருந்தது. மலையில் இல்லை என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்த வீடியோக்காரர் எந்த மலையில் கொழுந்து பறிக்கிறார் என்று விசாரித்துச் சொல்.

பிறகு ஒரே நாளில் நீ இரண்டு வீடியோ அனுப்பினாய். ஒன்று, காலைச் சாப்பாட்டை ராஜா மாதிரிச் சாப்பிடு என்றது. மற்றது, காலையில் ஒன்றும் தின்னாதே, பதினாறு மணித்தியாலம் வயிற்றுக்கு ஓய்வு கொடு என்றது. இரண்டுக்கும் கீழே நீ கும்பிடு படம் போட்டிருந்தாய். எதை எடுப்பது என்று தெரியாமல், இரண்டாவது செலவில்லாதது என்பதால் அதை எடுத்தேன். மூன்றாம் நாள் பத்து மணிக்கு, முதுகில் பாதிக் கூடைக் கொழுந்தோடு உன் அக்கா மலையில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். கூட இருந்தவர்கள் இனிப்புத் தேத்தண்ணியை வாயில் ஊற்றித்தான் எழுப்பினார்களாம். எந்த விஷத்தை நான் வீட்டைவிட்டு விரட்டினேனோ, அதே வெள்ளைச் சீனி. செய்தி கேட்டு செருப்பும் போடாமல் மலைக்கு ஓடினேன். உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்குச் சொன்னதை ஏறி இறங்கி வேலை செய்கிறவளுக்குக் கொடுத்தவன் நான்தான். அதை உன் தலையில் கட்ட மாட்டேன்.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு வெற்றியும் கிடைத்தது. அதையும் கேள். கிளினிக்கில் மாதாமாதம் நிறுப்பார்கள்; முதல் தடவை உன் அக்கா அறுபத்திரண்டு கிலோ. அடுத்த கிளினிக் வரை பொறுக்க முடியாமல், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய், தராசுக்காரர் அஜந்தனிடம் கெஞ்சி அவளைத் தட்டில் ஏற்றினேன். ஐம்பத்தெட்டு! மூன்று வாரத்தில் நாலு கிலோ! லயம் முழுக்கச் சொன்னேன், ஏழு வீட்டில் கோதுமை மாவை நிறுத்தவும் வைத்தேன். அடுத்த கிளினிக்கில் மறுபடி அறுபத்திரண்டு. மிஸி, "முதல்ல எங்க நிறுத்தீங்க?" என்று கேட்க, உன் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று நாலு கிலோ கழித்துக் காட்டும்படி அந்தத் தராசை வைத்திருக்கிறார்கள். நான் ஸ்டோர்க்காரன், எங்களிடம் வரும்போது கழிவெல்லாம் முடிந்திருக்கும். "தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன். "அம்புட்டு சந்தோசமா இருந்தீங்க. அதையும் ஏன் கழிக்கணும்னு இருந்துட்டேன்" என்றாள். கதை பரவியதும் கொழுந்துப் பெண்கள் அஜந்தனை மறித்து, "சாக்கும் இல்லாம ஈரமும் இல்லாம நின்ன பொம்பளைக்கே நாலு கிலோ கழிக்குதே, எங்க கொழுந்துக்கு எம்புட்டு கழிக்கும்?" என்று கேட்டிருக்கிறார்கள். இப்போது தராசில் 'மனிதர் ஏறக்கூடாது' என்று அட்டை தொங்குகிறது. அந்த ஏழு வீட்டுக்காரர்களும் என்னோடு பேசுவதில்லை.

ஆகவே மச்சான், நான் முடிவாக எழுதுகிறேன். இந்த உணவு ஆலோசனைகள் எல்லாம் ஒருவர் சொன்னதை மற்றவர் அடிப்பது. நேற்றுக் கொலைகாரனாக இருந்த தேங்காய் எண்ணெய்க்கு இன்று மாலை போடுகிறார்கள், நாளைக்கு என்ன ஆகுமோ. நாளை திங்கட்கிழமை மூன்று மாதம் முடிகிறது, கிளினிக்கில் இரத்தம் பார்க்கப் போகிறோம். குறைந்திருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. குளிசை என்றால் குளிசை, பயப்படாமல் ஒழுங்காகப் போடச் சொல்வேன். செவ்வாய்க்கிழமை முதல் அடுப்பை உன் அக்காவிடமே ஒப்படைத்துவிடுகிறேன். அவள் கையால் தேங்காய்ப்பூ ரொட்டியும் கட்டைச் சம்பலும் தின்று மூன்று மாதமாகிறது. நீ இனி ஒரு வீடியோகூட அனுப்ப வேண்டாம்.

சிவசக்திக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படித்து, பசித்தபோது தின்று, நீண்ட ஆயுளோடு இருக்க எங்கள் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன். அக்காவும் ஆசீர்வாதம் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
ரெங்கசாமி.

பின்குறிப்பு: தபாலில் போடவில்லை, அதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. மச்சான், நூற்று நாலு! குளிசை வேண்டாம், இப்படியே போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் அக்கா வெளியே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து அழுதாள். நானும்தான். பிறகு எனக்குக் குடைச்சல் தொடங்கிவிட்டது. எதனால் குறைந்தது? மிஸியிடம் போய்க் குறக்கன், தேசிக்காய், பச்சைத் தேயிலை என்று பட்டியலை வாசித்தேன். அவர் என்னைக் கையமர்த்திவிட்டு உன் அக்காவிடம், "நீங்க சொல்லுங்க அக்கா, இந்த மூணு மாசத்துல என்ன மாறிச்சு?" என்றார். அவள் கொஞ்சம் யோசித்து, "அஞ்சரை வரைக்கும் தூங்குறேன் மிஸி. முந்தி நாலு மணிக்கு எந்திரிச்சாத்தான் வீட்டுக்கு ரொட்டி சுட்டு வச்சிட்டுப் போக முடியும். மிஞ்சுனா நடந்துகிட்டே திம்பேன், மிஞ்சாட்டி சீனித் தேத்தண்ணிதான். இப்ப எந்திரிச்சா சுடச்சுட ஒரு தட்டு இருக்கு. கல்லு மாதிரிதான் இருக்கு, ஆனா உக்காந்து திங்குறேன். கல்யாணம் கட்டி முப்பத்திரெண்டு வருசத்துல காலையில உக்காந்து தின்னது இப்பத்தான்" என்றாள். நல்ல தூக்கமும் நேரத்துக்குச் சாப்பாடும் உதவியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மிஸி. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் நான் அடுப்பை விட்டுவிட்டு, எண் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தவன்தான் நான், ஆனால் அந்தச் சோதனைக்கு எனக்குத் தைரியமில்லை. ஆகவே மேலே நான் முடிவாக எழுதியதை அடித்துவிட்டு வாசி. குறக்கன் ரொட்டி மெதுவாக வருவதற்கு ஒரு வீடியோ இருந்தால் அனுப்பு. பதில் எழுதும்போது இன்னொன்றையும் சேர்த்து எழுது: உன் வீட்டில் சிவசக்தி எத்தனை மணிக்கு எழும்புகிறாள்?