முடிச்சு விழுந்த வேருக்கு முதல் பரிசு

பயிர் வாடினால் பயிர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. விதியை மதிக்கிற மனிதர் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர். அரை ஏக்கர் வெண்டை முழங்கால் உயரத்தோடு நின்றுபோய், இலை மஞ்சளாகி, உச்சி வெயிலில் தலையைத் தொங்கப்போட்டதும், ஒரு செடியை வேரோடு பிடுங்கிச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். துணைக்கு நானும் போனேன். பக்கத்து நிலத்துத் தக்காளி என்னுடையது.

வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. அலுவலர் தம் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த வண்ணப்படத்தைப் பார்த்தார். பயறுச் செடியின் வேர், அதில் மணி மணியாக உருண்டைகள், மேலே ‘வளமான மண்ணின் அடையாளம்’ என்று எழுத்து. படத்தையும் வேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து அத்தானின் கையைக் குலுக்கினார்.

“இருபது வருஷ சர்வீஸ்ல இவ்வளவு பெரிய உருண்டையை நான் பார்த்ததில்லைங்க.”

“ஐயா, செடி சாகுதுங்க. வேருக்குள்ள நூற்புழுன்னு வீட்ல சொல்றா.”

“எங்க, காட்டுங்க.”

“கண்ணுக்குத் தெரியாதாம்.”

“தெரியாததை எந்தப் பதிவேட்டுல எழுதறது? சத்து தாங்காம செடி தலை குனியுது. அடக்கம்னு வெச்சுக்கங்க.”

மறுவாரம் அவரே சான்றிதழோடு வயலுக்கு வந்தார். வரப்பில் ‘முன்மாதிரி வேர் நிலம்’ என்று பலகை நட்டார்கள். அக்கா சும்மா இருக்கவில்லை.

“சார், பயறு வேர்ல இருக்கிறது நகத்தால தட்டினா உதிரும். இது வேரே வீங்கிக் கிடக்கு. தட்டிப் பாருங்க.”

அலுவலர் தட்டினார். உதிரவில்லை. ‘உருண்டைகள் மிக உறுதியாக உள்ளன’ என்று மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு அந்த மண்ணுக்கு வந்த மவுசு கொஞ்சநஞ்சமில்லை. தையல்காரர் பையோடு வந்தார், பல் டாக்டர் காரோடு வந்தார். மாடித் தொட்டியில் அத்தான் மண் இல்லாத வீடு வீடே இல்லை என்றாகிவிட்டது. விருந்தாளி வந்தால் செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினார்கள். வழவழவென்று வேர் வைத்திருந்தவர்கள் தொட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அக்கா அசந்த நேரம் பார்த்து நாலு கூடை மண்ணை அள்ளி என் தக்காளிக்குப் போட்டேன்.

அக்காவிடம் கிணற்றடியில் தனியாக ஒரு பாத்தி இருந்தது. போன பருவம் முழுக்க அதில் செண்டுமல்லி வளர்த்து, மடக்கி உழுது, அப்புறம்தான் வெண்டை போட்டாள். செடி ஆள் உயரம், காய் விரல் விரலாக. அடுத்த விதைப்புக்கு அவள் நம்பியிருந்த விதையெல்லாம் அதில்தான். அலுவலர் ஆளனுப்பி ஒரு செடியைப் பிடுங்கச் சொன்னார். வேர் சுத்தமாக இருந்தது. அன்று மாலையே நோட்டீஸ் வந்தது: ‘மேற்படி பாத்தியில் முடிச்சுக் குறைபாடு காணப்படுகிறது. மூன்று நாட்களுக்குள் முன்மாதிரி மண் பத்துக் கூடை இட்டுச் சரிசெய்யத் தவறினால் துறையே இடும்.’

அக்கா கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

“சட்டம்னா போட்டுடலாமே,” என்றார் அத்தான்.

“போட்டா அந்தக் கூடையில என்னையும் சேர்த்துப் போடுங்க,” என்றாள் அக்கா.

மூன்றாம் நாள் கூடைகளோடு அலுவலர் வந்து இறங்கியபோது அவள் வாசலிலேயே நின்றாள். கையில் வீங்கிய வேரோடு ஒரு செடி, பெரிய வயலிலிருந்து பிடுங்கியது.

“சேத்துல எதுக்கு சார் இறங்கறீங்க? பிடுங்கியே வெச்சிருக்கேன்.”

அலுவலர் தம் பளபளக்கும் ஷூவைப் பார்த்தார். வேரைப் பார்த்தார். “மூணே நாள்ல திருந்திடுச்சே,” என்று நெகிழ்ந்து அங்கேயே இரண்டாவது சான்றிதழில் கையெழுத்திட்டார். கூடைகள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயின.

பருவம் முடிந்தபோது எங்கள் பகுதியில் சான்றிதழ் வாங்காத வீடு இல்லை. காய் பறித்த வீடு ஒன்றே ஒன்றுதான். ஒரு நாள் காலையில் அக்கா வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் அலுவலர்.

“என்ன சார், உங்க மாடித் தோட்டம்?”

“துறை நடத்தின வேர்ப் போட்டியில முதல் பரிசும்மா. காய்தான் வரலை. கால் கிலோ வெண்டை கிடைக்குமா?”

அக்கா உள்ளே போய் வெண்டையோடு ஒரு செண்டுமல்லி நாற்றையும் கொண்டுவந்து நீட்டினாள். “காயைச் சமைங்க. இதை முதல்ல தொட்டியில வைங்க. ஒரு பருவம் போகட்டும், அப்புறம் வெண்டை போடலாம். புழு அடங்கும்.”

அலுவலர் நாற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கு சுற்றறிக்கை ஏதாவது வந்திருக்காம்மா?”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரிசையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. தையல்காரர், பல் டாக்டர், பையோடு கடைசியில் நின்ற நான், எல்லோரும் அவள் என்ன பதில் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தோம்.